ஐந்து ரூபாய் ஸ்டாம்பில் ஒரு ஜோடிக் கம்மல்

இணையத்தில் கடை போட்ட புதிதில் என்னைத் திணறடித்தது அனுப்பும் செலவுதான். கம்மல் முப்பது ரூபாய். கூரியர்காரர் கேட்டது நாற்பது. பாசிமணி கோத்த கம்மல், ஜோடி நாலு கிராம்கூட வராது. பதிவுத் தபாலும் கட்டுப்படியாகவில்லை. புத்தகத்துக்கு இருக்கும் மலிவுத் தபாலில் அனுப்பலாமா என்று கேட்டால், "அதுல புக்கு தாம்மா போவும், கம்மல் போவாது" என்று எங்கள் ஊர் போஸ்ட்மாஸ்டர் ஒரே போடாகப் போட்டார். மிஞ்சியது சாதாரணக் கவர். இருபது கிராமுக்குள் இருந்தால் ஐந்து ரூபாய் ஸ்டாம்பு போதும். இதைக் கண்டுபிடித்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

முதல் கவரிலேயே மண்ணைக் கவ்வினேன். கம்மலை வெறும் காகிதத்தில் மடித்து அனுப்பியிருந்தேன். ஸ்டாம்பின் மேல் முத்திரையை ஓங்கிக் குத்துவார்கள் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. வாங்கியவர், 'மணி வரவில்லை, மாவுதான் வந்தது' என்று தளத்தில் எழுதிவிட்டார். புதுக் கடைக்கு இரண்டு புகார் வந்தால் மூடிவிடுவார்கள். உத்திரமேரூர் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கல்யாணமாகி வந்த வீட்டில், என்னுடையது என்று சொல்லிக்கொள்ள இருந்தது அந்தக் கடை ஒன்றுதான்.

இரண்டாவது கம்மலுக்கு மூளையைக் கசக்கினேன். அட்டைப்பெட்டியை வெட்டி, நடுவில் பள்ளம் செய்து, அதில் கம்மலைப் படுக்கவைத்தேன். ஸ்டாம்பு மேல் மூலையில், கம்மல் கீழ் மூலையில். அடகுக் கடைத் தராசில் பத்தொன்பதரை கிராம் காட்டியது. கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டும்.

வீட்டில் கவரை வைத்துவிட்டு முகம் கழுவப் போனேன். திரும்பி வந்தால், என் மாமியார் அதன் நாலு மூலையிலும் மஞ்சள் குழைத்துத் தடவியிருந்தார். தண்ணீர் சொட்டச் சொட்ட.

"மொத கவரு வெறும் மூலையா போச்சி, அதான் ஒடஞ்சிக்கினு போச்சி" என்றார்.

"இது இன்னா கல்யாணப் பத்திரிகையா? வெயிட்டு ஏறிடும் அத்த. தெரியாததுல கை வைக்காதீங்க" என்று சிடுசிடுத்துவிட்டுக் கிளம்பினேன். அவர் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நினைத்தபடியே ஆயிற்று. போஸ்ட்மாஸ்டர் தராசில் வைத்துப் பார்த்து, "இருபத தாண்டிக்கினு கீது. இன்னொரு அஞ்சு ரூபா ஒட்டும்மா" என்றார். இன்னொரு ஐந்து ஒட்டினால் எனக்கு அதில் ஒன்றும் நிற்காது. கவரைத் திரும்ப வாங்கி, வாசலில் நிறுத்தியிருந்த அவருடைய சைக்கிள் சீட்டில் வெயில் படும்படி வைத்து, காக்கா தூக்காமல் காவல் நின்றேன். அரை மணி நேரத்தில் மஞ்சள் காய்ந்து, எடை இருபதுக்குள் இறங்கியது.

அவர் முத்திரையை எடுத்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். சத்தமே வரவில்லை. திறந்து பார்த்தால், பூ வைப்பதுபோல ஸ்டாம்பின் மேல் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்.

"இன்னா சார், மெதுவா குத்துறீங்க?"

"மஞ்ச வெச்ச கவர யாராவது ஓங்கி குத்துவாங்களா?"

"உள்ள கம்மல் தான் சார்."

"உள்ள இன்னா இருந்தா இன்னா, மேல மஞ்ச கீது இல்ல. வழியில எவன் பாத்தாலும் கை மெதுவா தான் எறங்கும்."

ஐந்தாம் நாள் தளத்தில் பதில் வந்திருந்தது. 'கம்மல் பத்திரம். பத்திரிகை என்று நினைத்து என் மாமியார்தான் பிரித்தார். அவருக்கும் ஒரு ஜோடி வேண்டுமாம்.' பஸ்ஸில் வரும்போது எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

மறுநாள் அடுத்த கவரை ஒட்டி வைத்தேன். அத்தை அந்தப் பக்கமே வரவில்லை. அடுப்படியில் ஏதோ வேலையாக இருப்பதுபோல முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். மஞ்சள் கிண்ணத்தையும் கவரையும் எடுத்துப்போய் அவர் பக்கத்தில் வைத்தேன்.

"தண்ணி மட்டும் கம்மியா தடவுங்க அத்த" என்றேன்.