யஹ்யாவின் பத்து விரல்கள்

மேலப்பாளையத்தில் பாய்க்கடை வைத்திருக்கும் யஹ்யா டெல்லி நிறுவனம் ஒன்றில் தபால்வழி துப்பறியும் படிப்பு படித்தார். 'துப்பறியும் நிபுணர்' என்று பலகைகூட எழுதியாயிற்று. கடைசித் தேர்வுக்குப் பத்துப் பேரின் கைரேகை அனுப்ப வேண்டும்.

மாமனார் அசன் மைதீனிடம் மைப்பெட்டியை நீட்டினார்.

"மாப்ளே, வீட்ட எழுதி வாங்கலாம்னு பாக்கீரோ?"

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஹரிஹரசுப்பிரமணியன் சீறினார்: "நான் என்ன கைநாட்டா ஓய்?"

கெடு நெருங்க, யஹ்யாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. தம் பத்து விரல்களையும் பத்துப் பேர் பெயரில் உருட்டி அனுப்பினார். முதல் வகுப்பில் சான்றிதழ் வந்தது, தூக்கம் போனது. அவருக்கென்று சொந்தமாக ஒரு விரல்கூட மிச்சமில்லையே!

ரேஷன் கடை கைரேகை மிஷின் முன் நின்று விரல்களை எண்ணிப் பார்த்தார். பெருவிரல் மாமனார், ஆள்காட்டி விரல் வாத்தியார். குட்டு உடைந்தால் சான்றிதழ் போச்சு, பலகையும் போச்சு.

"விரல வைங்க, பின்னால ஆளு நிக்குல்லா," என்றாள் மனைவி ஷம்ஸியா.

கண்ணை மூடிக்கொண்டு பெருவிரலை வைத்தார். திரையில் 'யஹ்யா' என்று வந்தது. டெல்லி நிபுணர்கள் மாதக்கணக்கில் ஆராய்ந்தும் சிக்காத ஆளை, அரிசிக் கடை கண நேரத்தில் பிடித்துவிட்டது.

"ஏங்க இப்படி வேர்க்குது?"

"பைய பேசு. இந்த மிஷின் எங்க படிச்சதுன்னு விசாரிக்கணும்."