வக்கீலம்மாவின் கட்சிக்காரி

"அவ என்ன சொல்றான்னா..." என்று வக்கீலம்மா ஆரம்பிக்கும்போது, மகள் பெரும்பாலும் இன்னும் வாயே திறந்திருக்கமாட்டாள். தாகமா, தூக்கமா, மாடி வீட்டுப் பூனைமேல் புகாரா, எதுவானாலும் அம்மாவிடம் வாதம் தயாராக இருக்கும்.

தொழில் என்னவோ தையல்தான். வக்கீல் பட்டம் தெரு கொடுத்தது. கட்சிக்காரிக்கு நாலு வயது. மேலண்ணம் பிளந்து பிறந்தவள். டாக்டர்கள் ஒட்டித் தைத்துவிட்டார்கள். "தையல் பரவால்ல, நேராத்தான் போட்டிருக்காங்க" என்று அம்மாவே பெரிய மனது பண்ணிச் சான்றிதழ் கொடுத்தார். ஆனாலும் பிள்ளை பேசினால் பாதிக் காற்று மூக்கு வழியாக ஓடிவிடும். கேட்கிறவர்கள் திருதிருவென்று விழிப்பார்கள். அம்மாவுக்கு மட்டும் அட்சரம் பிசகாமல் புரியும். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

வைத்தியத்தில் குறை வைத்தாரா, அதுவும் இல்லை. ஊதினால் பேச்சு தெளியும் என்று யாரோ சொல்லிவைக்க, வீடெல்லாம் பலூன். பிள்ளைக்குக் கன்னம் வலித்ததுதான் மிச்சம். பேச்சுப் பயிற்சி தருகிற பெண் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. ஊதி வராது, சொல்லிக்கொடுத்த சத்தங்களைச் சொல்லிச் சொல்லித்தான் வரும், அதற்கு நீங்கள் கொஞ்சம் இடம் விடணும் என்று பக்குவமாக எடுத்துச் சொன்னாள். வக்கீலம்மா பலமாகத் தலையாட்டினார். பிள்ளையிடம் கேட்ட அடுத்த கேள்விக்கும் தாமே பதில் சொன்னார்.

"அடுத்த மாசம் பள்ளிக்கூடம். அங்க யாரும்மா இவளுக்காகப் பேசுவா?" என்று கேட்டாள் பயிற்சி தருகிறவள்.

வக்கீலம்மா பிள்ளையைத் தம் பக்கம் இழுத்து அணைத்துக்கொண்டார். "சிரிச்சுட்டாங்கன்னா?"

அவ்வளவு வாய்க்கும் அடியில் இருந்தது இந்த ஒரு பயம்தான்.

மறுநாள், தைத்த உடுப்பை வாங்க வந்த பெண்மணி, துணித் துண்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த குட்டியிடம், உனக்கு அம்மா என்ன தைக்கிறாங்க என்று சும்மா கேட்டுவைத்தார். குட்டி சொன்னாள். அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. வழக்கப்படி வக்கீலம்மாவைப் பார்த்தார். குட்டியும் பார்த்தாள். வக்கீலம்மாவுக்கு நாக்கு துறுதுறுத்தது. சட்டென்று இரண்டு குண்டூசிகளை எடுத்து உதட்டுக்கு நடுவே கடித்துக்கொண்டு, ஏற்கெனவே தைத்து முடித்த சட்டைமேல் குனிந்துகொண்டார்.

பெண்மணி குட்டிக்கு நேரே குந்தி உட்கார்ந்தார். "இன்னொரு தடவை சொல்லுடா கண்ணு."

குட்டி எச்சிலை விழுங்கிக்கொண்டு ஆரம்பித்தாள். முதல் எழுத்தே மூக்குப் பக்கம் நழுவியது.

வக்கீலம்மா மூன்றாவது குண்டூசியை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார்.