முதல்ல காட்டினதா, இதுவா?

கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் அவளுக்கு ‘ரெண்டாங்கேள்வி’ என்று பட்டப்பெயர். ஒரு வில்லையைப் போட்டுக் காட்டுவாள், இன்னொன்றை மாற்றுவாள், “முதல்ல காட்டினதா, இதுவா?” என்பாள். வந்தவர் தலையைச் சொறிந்தால் மறுபடியும் முதலிலிருந்து. அவசரக்காரர்களுக்கு அவளிடம் கண்ணாடி கிடைக்காது.

அவள் கணவர் குளிர்சாதனப் பெட்டி பழுது பார்ப்பவர். தினமும் அவளுக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிடுவார். அவள் படியேறிக் கதவில் சாவியை நுழைத்ததும் உள்ளே கிட்டாரை ஒரு தடவு தடவுவார். எந்தக் கம்பியையும் அழுத்த மாட்டார். ஆறு கம்பிகளையும் வெறுமனே மீட்டினாலே நிறைந்த ஓர் ஓசை எழும்படி தனக்கென்று ஒரு சுருதி வைத்திருந்தார். உலகம் வைக்கும் சுருதி வேறு.

“டீ போட்டாச்சா?” என்பதுதான் அதற்கு அவள் பதில்.

பதிவு செய்யலாமென்று போனை எடுத்தால், “ஆளே இருக்கும்போது படம் எதுக்கு?” என்பார்.

ஆள் போய்ச் சேர்ந்துவிட்டார். கிட்டார் சுவரில் தொங்கியது. அவள் அதைத் தொடவில்லை. அந்த ஓசை உள்ளே பத்திரமாக இருக்கிறது என்பதே போதுமாயிருந்தது.

ஒரு ஞாயிறு கொழுந்தன் வந்தார். கை சும்மா இராத மனிதர். அவள் காய் வாங்கித் திரும்பிச் சாவியை நுழைத்தாள். உள்ளே கிட்டார் ஒலித்தது. ஆனால் அது அந்த ஓசை இல்லை. ஒருவரையொருவர் தெரியாத ஆறு பேர் ஒரே நேரத்தில் பேசியதுபோல் இருந்தது.

“அண்ணி, கம்பியெல்லாம் தொளதொளன்னு கிடந்துச்சு. போன்ல பாத்து சரிபண்ணிட்டேன்.”

“அது தொளதொளன்னு கிடக்கல தம்பி. அவர் வெச்சதே அப்படித்தான்.”

கொழுந்தனின் முகம் சுண்டிப்போயிற்று. “நல்லது பண்றேன்னு குடியைக் கெடுத்துட்டேனே. எப்படி இருந்துச்சுன்னு சொல்லுங்க, மாத்திடறேன்.”

“சொல்லத் தெரியாது. கேட்டாத் தெரியும்.” பையைக் கீழே வைக்கவில்லை. “நான் வெளியே போறேன். சாவி போடறப்போ மீட்டுங்க.”

கதவைச் சாத்தினாள். சாவி திரும்பியது. அவர் தடித்த கம்பியை இறக்கியிருந்தார்.

“இன்னும் கொஞ்சம்.”

மறுபடி சாத்தினாள். மறுபடி சாவி.

“முதல்ல காட்டினதே தேவலை.”

“அண்ணி, எனக்குக் கண்ணு பாத்தப்பவும் இதே பாடுதான் படுத்துனீங்க!”

“அவசரப்பட்டா கண்ணாடி கிடைக்காது.”

மாடிப்படியில் எதிர்வீட்டுக்காரி நின்றாள். “என்னக்கா, பூட்டு மக்கர் பண்ணுதா?”

“பூட்டு இல்லம்மா, கிட்டார்.”

எதிர்வீட்டுக்காரி ஒன்றும் புரியாமல் இறங்கிப் போனாள்.

நடுவில் இரண்டு கம்பிகளுக்குத் திருகலே தேவைப்படவில்லை. மெல்லிய இரண்டும் இறங்கின. மூன்றாவதுதான் முரண்டு பிடித்தது. இறக்கினால் அழுதது, ஏற்றினால் முறைத்தது. கொழுந்தன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு திருகை மயிரிழை அசைத்தார்.

சாவி நுழைந்தது. அவர் மீட்டினார்.

கதவுக்கு அந்தப்புறம் சத்தமே இல்லை. தப்பாகிவிட்டதென்று அவர் திருகில் கை வைத்தார். கதவு திறந்தது. அவள் உள்ளே வந்தாள், செருப்பைக் கழற்றினாள், பையை எப்போதும் வைக்கும் நாற்காலியில் வைத்தாள்.

“டீ போட்டாச்சா?”

கொழுந்தன் கிட்டாரைச் சுவரில் மாட்டிவிட்டுச் சமையலறைக்குப் போனார்.