எதிர் ஷிஃப்டில் ஒருத்தி

ஸ்ரீபெரும்புதூருக்கு வேலைக்கு வந்து ஒரு வருடம் தாண்டியும் எனக்கு அந்த ஊர் தெரியாது. ஹாஸ்டல் வாசலில் கம்பெனி பஸ் ஏறினால் வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் இறங்குவேன். தொழிற்சாலையில் அசெம்பிளி லைனில் நிற்கும்போது பேசக்கூடாது. அறையிலோ பேச ஆளில்லை. என்னுடன் தங்கியிருந்த மதுரைப் பெண்ணுக்கு எப்போதும் எனக்கு எதிர் ஷிஃப்ட். வார விடுமுறையும் வேறு நாள். அவள் தூங்கும் முகத்தைத்தான் பார்த்திருக்கிறேன். ‘தண்ணி வரல’, ‘சாவி கீழ இருக்கு’ என்று வாட்ஸாப்பில் எழுதிக்கொள்வோம், அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் தூக்கத்தைக் கெடுக்க வேண்டாமென்று பெருமாள் கோயில் பக்கம் நடந்தேன். குளத்துப் படியில் ஒரு கல்லூரிப் பெண் கோபுரத்தை வரைந்துகொண்டிருந்தாள். நான் எட்டிப் பார்த்ததும் நிமிர்ந்தாள்.

“இன்னாக்கா, நல்லா கீதா?”

“நல்லாருக்கு. ஆனா கோபுரத்தவிட கரண்டுக் கம்பிதான் நெறைய இருக்கு.”

“அதான்கா எங்க ஊரு!” என்று சிரித்தாள். “நீ ஊரச் சுத்திப் பாத்துகினியா?”

இல்லை என்றேன். வரைந்ததைச் சுருட்டிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

தேரடியைத் தாண்டி ஒரு சந்துக்குள் கூட்டிப்போனாள். அங்கே ஒரு சுவரில் அவளும் தோழிகளும் ஆளுயரத்துக்கு ஒரு டீச்சரை வரைந்திருந்தார்கள், பிரம்பும் முறைப்புமாக. “போர்டு வெச்சும் இங்க ஒன்னுக்குப் போயிட்டே இருந்தானுங்க. டீச்சர் வந்தப்புறம் ஒருத்தன் வரல.” நான் வாய்விட்டுச் சிரித்தேன். என் சிரிப்பே எனக்குப் புதிதாகக் கேட்டது.

அவள் வீட்டு மொட்டை மாடியில் அவளுடைய அண்ணன் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தார். பாட்டுக் கட்டுபவர். தன் பாட்டுகளுக்காக ஊரின் குரல்களைப் பதிவு செய்துகொண்டிருந்தார்: பூக்காரம்மா கூவுவது, பஸ் ஸ்டாண்டு சத்தம். என்னிடமும் மைக்கை நீட்டினார்.

“எதுனா பேசுங்க. உங்க ஊரு மாதிரியே பேசுங்க.”

“என்னத்தப் பேச?” என்றேன். பிறகு தானாக வந்தது.

“எங்கூட ஒரு பிள்ள தங்கியிருக்கா. நான் வாரப்ப அவ போயிருப்பா. கொடியில ஈரத்துண்டு மட்டும் கெடக்கும். சில நாளு எனக்கு முறுக்கு வச்சிட்டுப் போவா. நல்லாருந்துச்சுன்னு நேருல சொல்ல முடியல. அவ சிரிச்சா எப்பிடி இருப்பான்னே எனக்குத் தெரியாது.”

அதற்குமேல் அழுகை வந்துவிட்டது. அண்ணன் பதிவை நிறுத்தினார். தங்கை தண்ணீர் கொண்டுவந்தாள். கீழிருந்து அவர்கள் அம்மா, “அந்தப் பொண்ணையும் சாப்புடக் கூட்டியா,” என்று குரல் கொடுத்தார். அழுத முகத்தோடு போய் உட்காரக் கூச்சமாக இருந்தது. ஹாஸ்டலில் சாப்பாடு இருக்கும் என்று சொல்லி, போன் நம்பரை மட்டும் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

சில வாரங்களில் பாட்டு என் போனுக்கு வந்தது. நடுவில், தாளம் அடங்கிய இடத்தில், என் குரல். லீவு போட்டுவிட்டு, நைட் ஷிஃப்ட் முடிந்து மதுரைப் பெண் வருவதற்காக அறையில் காத்திருந்தேன். கண்கள் வீங்க வந்தவள் பையைக்கூட இறக்காமல் நின்றபடியே பாட்டைக் கேட்டாள்.

“ஏய், இது நானாடி?”

சிரித்தாள். ஓரத்தில் ஒரு தெத்துப்பல்.

“முறுக்கு எங்கம்மா சுட்டது. செத்த தூங்கிக்கிறேன். எந்திரிச்சுப் பேசுவோம், எங்கிட்டும் போயிராத.”

மதியம்வரை உட்கார்ந்திருந்தேன். அசந்து தூங்குகிறவளை எழுப்ப மனம் வரவில்லை. கீழே சாப்பிட்டு, துணி துவைத்துவிட்டு வந்தபோது அவள் படுக்கை காலி. சீக்கிரம் வரச்சொல்லி ஓவர்டைமுக்குக் கூப்பிட்டார்களாம், வாட்ஸாப்பில் எழுதியிருந்தாள்.

அடுத்த மாதம் அவளுக்கு இருங்காட்டுக்கோட்டையில் வேறு வேலை கிடைத்தது. நான் ஷிஃப்டில் இருந்தபோது அறையைக் காலி செய்துவிட்டுப் போனாள். இப்போதும் போன் செய்வேன். எடுக்க மாட்டாள்; தூங்கிக்கொண்டிருப்பாள். அவள் திருப்பிக் கூப்பிடும்போது நான் லைனில் இருப்பேன்.