கண்ணாடிக்குள் விளைந்த திருநீறு

ஆலத்தை அமுதென உண்டு கண்டத்தில் நிறுத்திய பெருமானே, உன் தாள் பணிந்து தொடங்குகிறேன்.

யோகேஸ்வரி போய்விட்டார். இன்று விடியற்காலையில், ஆஸ்பத்திரியில்... மாரடைப்பு.

ரெய்னர்ஸ் லேனில் அவர் வீட்டுக்குப் போகிறவர்கள் என்னை அங்கே தேட வேண்டாம். நம் கோயிலின் பின்முற்றத்தில், கூரைக்கு ஏறும் இரும்புப் படிக்குக் குறுக்கே ஒரு பிளாஸ்டிக் கதிரை போட்டு அமர்ந்திருக்கிறேன்.

அவரை அறியாதவர்களுக்காக: ஜேர்மனியிலிருந்து இலண்டனுக்கு வந்த பொறியியலாளர். வெந்நீருக்கான சோலார் தகடுகளுக்குப் பூச்சு ஏற்றும் ஃபாக்டரியில் நெடுங்காலம் இருந்தவர். நம் மடப்பள்ளிக் கூரையிலுள்ள சோலார் பெட்டிகள் அவர் பொருத்தியவை.

அந்தப் பூச்சை முதன்முதலாகக் காட்டிய நாள் நினைவில் நிற்கிறது. அலுமினியத் தகட்டின் மேல் மெல்லிய கருநீலம்... மழைமுகிலின் அடிவயிறு போல.

"வெயிலை முழுக்க வாங்கும், அண்ணை. வாங்கின சூட்டைத் திருப்பி விடாது. கறுப்புப் பெயின்ற் வாங்கும், ஆனா விட்டுடும். அதுதான் வித்தியாசம்."

"நீலகண்டப் பெருமான்ரை தொண்டை மாதிரி எண்டு சொல்லு," என்றேன்.

"உங்களுக்கு எதைக் காட்டினாலும் அதுக்கை ஒரு சாமி இருக்கும்!"

கூரையில் பெட்டிகளைக் கண்ணாடியால் மூடுவதற்குச் சற்று முன்னர்தான் அது நடந்தது. புது வாகனத்துக்குப் பூசுவது போல, நம் குருக்கள் திருநீற்றை நீரில் குழைத்து, ஒரு தகட்டில் மூன்று விரலால் குறி இழுத்துவிட்டார்.

யோகேஸ்வரி போட்ட சத்தத்தில் மேளகாரர் ஓடிவந்தார்.

"ஐயா, தொடாதேங்கோ! ஈரச் சாம்பல் பூச்சைத் தின்னும்!"

"திருநீறு ஒண்டையும் தின்னாது, பிள்ளை. எரிச்சு முடிச்சதுதானே அது," என்றார் குருக்கள். எல்லோரும் சிரித்தோம். யோகேஸ்வரி துடைத்துப் பார்த்தார்; குறி போகவில்லை. சுபநேரம் கடக்கிறதென்று அப்படியே கண்ணாடி மூடப்பட்டது.

அடுத்த மாரியில் உள்ளே ஈரம் படர்ந்தது. அந்த மூன்று கோடுகளும் தடித்தன. வெள்ளையாய், பொடியாய், தகட்டின் விளிம்பை நோக்கி மெல்லப் பரவின.

"கண்ணாடிக்குள்ளை விபூதி விளையுது" என்று வாட்ஸப்பில் செய்தி போயிற்று. வெஸ்ட் ஈலிங்கிலிருந்தும் லூயிஷாமிலிருந்தும் சனம் வந்தது. அந்த இரும்புப் படியில் கற்பூரத் தட்டுகள் ஏறின.

"விபூதி இல்லை, அண்ணை. பூச்சுச் செத்துக்கொண்டிருக்குது," என்றார் யோகேஸ்வரி.

இந்த வசந்தத்தில் நிர்வாக சபை ஒரு முடிவு எடுத்தது. தலைவர் கேட்டார்: "விபூதி விளையிற பெட்டியின்ரை தண்ணியிலை எச்சில் கோப்பை கழுவுறதோ?"

ஆகவே அந்த ஒரு பெட்டிக்கு நீர் வரும் வழியும் போகும் வழியும் அடைக்கப்பட்டன. வால்வுகளுக்குப் பூட்டும் போட்டாயிற்று.

அன்றைய கூட்டத்தில் யோகேஸ்வரி எழுந்து நின்றார். "வேண்டாமெண்டால் கழட்டி இறக்குங்கோ. உள்ளுக்குத் தண்ணியை வைச்சு, ரெண்டு பக்கமும் வாயைக் கட்டி வெயிலிலை விடாதேங்கோ. கொதிச்சு ஆவியானால் அது எங்காலை போறது?"

"ஆண்டவன் பாத்துக்கொள்ளுவான், தங்கச்சி."

"ஆண்டவன் தொண்டையிலை வைச்சிருப்பான். தகடு வைச்சிராது, வெடிச்சிடும்."

அடுத்த கூட்டத்தில் பார்ப்போம் என்றார்கள்.

அதன்பின் வெயில் எறிக்கும் நாளெல்லாம், சூரியன் கூரைக்கு வருமுன் யோகேஸ்வரி வந்து ஏறினார். அந்தப் பெட்டியின் மேல் நீலத் தார்ப்பாயை விரித்துக் கட்டினார். கும்பிட வருவோர் விலக்கிப் படம் எடுப்பார்கள். அவர் மறுபடி ஏறி மூடுவார்.

நேற்று மாலை ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து எனக்கு ஃபோன். மூச்சு வாங்கியது.

"அண்ணை... நாளைக்குச் சரியான வெயிலாம். பாய் கிடக்கோ எண்டு ஒருக்காப் பாருங்கோ. சூடேறிட்டுதெண்டால் மட்டும் ஒருத்தரும் கிட்டப் போகக் கூடாது. நீங்களும்தான்."

அதுதான் நான் கேட்ட கடைசிச் சொல்.

செத்தவீட்டுக்குப் போனவன் இன்று கோயில் வாசலை மிதிக்க முடியாது. எது முதலில் என்று வீட்டில் சப்பாத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன்... பிறகு இங்கே வந்தேன்.

பாய் படியடியில் சுருண்டு கிடந்தது. வெயில் எனக்கு முன்னமே கூரைக்கு ஏறிவிட்டது.

தீயணைப்புப் படைக்கு அழைத்துவிட்டேன். மடப்பள்ளியிலிருந்தோரை வெளியேற்றிவிட்டேன். தலைவருக்குச் சொன்னால், "வெள்ளிக்கிழமையும் அதுவுமா ஏன் ஐயா சனத்தைப் பயப்பிடுத்திறியள்?" என்கிறார்.

சற்று முன்னர் ஒரு பெண், தட்டில் கற்பூரத்தோடு.

"விபூதி பாக்கோணும் ஐயா, வழி விடுங்கோ."

"இண்டைக்கு ஏலாது, பிள்ளை."

"ஏன், சாமிக்குக் கோவமோ?"

"சாமிக்கில்லை. தண்ணிக்கு."

பகிடி என்று எண்ணிச் சிரித்துக்கொண்டு போனார்.

மேலே தகடு முறுகும் ஒலி கேட்கிறது... டிக்... டிக்... இடையில் நின்றுவிடுகிறது. நிற்கும் பொழுதெல்லாம் கதிரையை விட்டு எழுந்து நிமிர்ந்து பார்க்கிறேன்.

யோகேஸ்வரி, உன் வீட்டுப் படலைக்கு நான் இன்னும் வரவில்லை. உன் படியடியில்தான் இருக்கிறேன். போயிட்டு வா, தங்கச்சி.

இதை வாசிக்கும் அன்பர்களே, இன்று மட்டும் கோயிலுக்கு வராதீர்கள். இருந்த இடத்திலிருந்தே கைகூப்புங்கள். நஞ்சு தாங்கிய அந்தக் கண்டம் உங்களையும் உங்கள் மனையோரையும் குழந்தைகளையும் எந்தச் சூடும் அணுகாமல் காக்க.