வேதியியல், இரண்டாம் தொகுதி

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, செம்பாக்கத்தில் என் மகள் வீட்டு மாடியறையில், நான் செய்த தவறுக்காக என் பேத்தி அவள் அப்பாவிடம் அடி வாங்கினாள். நான் பக்கத்தில் கட்டிலில்தான் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை. திறந்தபோது பொய் சொன்னேன்.

இதைப் பெரிய எழுத்தில், ஸ்கெட்ச் பேனாவால் எழுதுகிறேன். ஒரு தாளில் ஏழெட்டு வரிக்கு மேல் பிடிப்பதில்லை. சர்க்கரை நோய் என் வலது கண்ணை எடுத்துக்கொண்டது. இடது கண்ணுக்குப் பொடி எழுத்து தெரியாது. இந்த விவரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் பொய் இதன் மேல்தான் நின்றது.

நான் கல்லூரியில் பொருளாதாரம் நடத்தி ஓய்வு பெற்றவன். படிப்பு என்றால் எனக்குப் பரீட்சைதான். முதலில் என் பரீட்சை, பிறகு மாணவர்களின் பரீட்சை. புத்தகத்தைக் கையில் எடுத்தால் பென்சிலும் கூடவே வரும். எது கேள்வியாக வருமோ அதன் கீழே கோடு விழும். என் மனைவி வாடகை நூல் நிலையத்திலிருந்து நாவல்கள் எடுத்துவந்து படிப்பாள். "அப்படி என்ன இருக்கு இதுல?" என்று கேட்பேன். "ஒண்ணும் இல்லீங்க. அதான் நல்லாருக்கு" என்பாள்.

அவள் இறந்துபோனபோது தலையணைக்கு அடியில் பாதி படித்த நாவல் ஒன்று கிடந்தது. திருப்பிக் கொடுக்க எடுத்தவன், வேறு வேலை இல்லாததால் அவள் மடித்து வைத்திருந்த பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தேன். முடிக்கும்வரை கீழே வைக்க முடியவில்லை. பென்சிலைத் தேடவும் இல்லை. அறுபது வயதைத் தாண்டித்தான் எனக்கு அந்த ருசி தெரிந்தது. அதை அவளிடம் சொல்ல அவள் இல்லை. சில ஆண்டுகள் பேயாகப் படித்தேன். பிறகு கண் போயிற்று. மகள் வந்து தன்னோடு அழைத்துப் போனாள்.

பெண்ணைக் கொடுத்த வீட்டில் போய்த் தங்குவது எப்படி இருக்கும் என்று தங்கியவர்களுக்குத் தெரியும். யாரும் ஒரு சொல் சொல்ல மாட்டார்கள். ஆனாலும் காபி ஆறிப்போயிருந்தால் சூடு பண்ணிக் கேட்கத் தோன்றாது. என் மாப்பிள்ளை நல்லவர். திருமுடிவாக்கத்தில் சின்னதாக லேத் பட்டறை வைத்திருக்கிறார். பட்டறைக்குக் கிளம்பும் முன் என் கண்ணில் சொட்டு மருந்து விட்டுவிட்டுத்தான் போவார். இரும்பு வாசனை அடிக்கும் அந்தக் கை ஒரு நாளும் நடுங்கியதில்லை. "எங்க தாத்தா செம்பாக்கம் ஏரித் தண்ணியில பயிர் வெச்சாரு. எங்கப்பா அந்த நெலத்த வித்தாரு. என் பொண்ணு டாக்டர் ஆவணும் மாமா, அவ்ளோதான்" என்பார். தன் மகளின் படிப்புக்காக வீட்டில் டி.வி. இணைப்பையே எடுத்துவிட்டார்.

பேத்தி அப்போது பதினொன்றாம் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் என் அறையில்தான் படிப்பாள். மாடியில் அந்த ஒரு அறைதான் சத்தம் இல்லாதது. ஒருநாள் ஒரு நாவலை நீட்டி நான்தான் கேட்டேன்: "ஒரு பத்து நிமிஷம் எனக்கு இதை வாசிச்சுக் காட்டுறியாம்மா?" இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். அவள் கேட்கவில்லை. நான் கேட்டேன். எனக்காக.

பத்து நிமிடம் அரை மணி ஆயிற்று, பிறகு ஒரு மணி நேரம் ஆயிற்று. அவள் சாதாரணமாக வாசிக்க மாட்டாள். மாமியார் பாத்திரத்துக்கு ஒரு குரல், வக்கீலுக்கு ஒரு குரல். ஆட்டோக்காரர் வந்துவிட்டால் அவ்வளவுதான், "இன்னா சார், வூட்டாண்ட வுடணுமா?" என்று எழுத்தாளர் எழுதாததையெல்லாம் சேர்த்துக்கொள்வாள். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பேன். மாடிப்படியில் காலடி கேட்டால் போதும், அதே மூச்சில் "ஆக்சிஜனேற்றம் என்பது எலக்ட்ரான் இழப்பு" என்று உரக்க ஆரம்பித்துவிடுவாள்.

அட்டை போடும் யோசனையும் என்னுடையதுதான். பிரவுன் ஷீட் வாங்கி, மூலை பிசிறாமல் மடித்து, லேபிள் ஒட்டி, அதில் என் கையாலேயே பெரிதாக எழுதினேன்: வேதியியல், இரண்டாம் தொகுதி. எந்த நாவல் வந்தாலும் அதே சட்டைதான். "தாத்தா, இன்னைக்கு வேதியியல் உண்டா?" என்று மகள் முன்னாலேயே கேட்பாள். "நல்லாப் படிக்கிறா இல்லப்பா?" என்று மகள் பூரித்துப்போவாள்.

ஒருநாள் பேத்தி சொன்னாள்: "புது புக்கு குடுத்த அன்னைக்கே துணைப்பாடக் கதை எல்லாத்தையும் படிச்சிடுவேன் தாத்தா. அன்னைக்கு செமயா இருக்கும். மிஸ் நடத்தினதும் செத்துடும்."

"ஏன்?"

"கடைசியில கேள்வி இருக்குமே. அவர் ஏன் அழுதார், காரணம் கூறுக, நாலு மார்க். நம்ம வேதியியல் அப்படி இல்ல. முடிஞ்சா முடிஞ்சதுதான். யாரும் நம்மள ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

வாழ்நாள் முழுவதும் கேள்வித்தாள் எழுதியே காலம் தள்ளியவனிடம் அதைச் சொன்னாள்.

புத்தகங்களை மேற்குத் தாம்பரத்தில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு பழைய புத்தகக்காரரிடம் வாங்குவேன். மகளிடம் நடைப்பயிற்சி என்று சொல்லிவிட்டு ஷேர் ஆட்டோ ஏறுவேன். ஒருமுறை அட்டை இல்லாத ஒரு நாவலைக் கையில் திணித்தார். "எட்த்துனு போ பெருசு. மேல சட்டைதான் இல்ல, உள்ள உசுரு அப்டியே கீது. லவ்வு கதை, உனக்குக் கரெக்டா இருக்கும்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். முதல் பக்கத்தைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது.

அரையாண்டுத் தேர்வில் அவள் மதிப்பெண் இறங்கியிருந்தது. விடுமுறையில் ஒரு பிற்பகல், பட்டறைப் பக்கம் கரண்ட் இல்லை என்று மாப்பிள்ளை சீக்கிரமே வந்துவிட்டார். செருப்பைக் கீழே கழற்றிவிட்டு மேலே வந்திருக்கிறார். நாங்கள் காலடியைக் கேட்கவில்லை. நாவலில் கல்யாண மண்டபத்தில் பெண்ணைக் காணோம் என்று ஒரே அமளி. பேத்தி ஐந்து குரலில் வாசித்துக்கொண்டிருந்தாள்.

"வேதியியல்ல கல்யாணம்லாம் கூட நடக்குதா?" என்று கதவருகில் அமைதியாகக் கேட்டார்.

வந்து புத்தகத்தைப் பிடுங்கினார். ஒரே இழுப்பில் அட்டை கிழிந்தது. முதல் பக்கத்தைத் திருப்பினார். அங்கே அவர் குரல் மாறிப்போயிற்று.

"'என் கண்மணிக்கு, என்றும் உன் ஆர்.' யாருடி இது?"

பழைய புத்தகத்தில் எவனோ எவளுக்கோ எந்தக் காலத்திலோ எழுதிக் கொடுத்தது. அவளும் அதைப் பெரிதாக நினைத்திருக்க மாட்டாள். "தெரியாதுப்பா" என்றாள். அது உண்மை.

"தெரியாதவன் கண்மணின்னு எழுதிக் குடுப்பானா? டியூஷன்ல உன் பக்கத்துல ஒருத்தன் ஒக்காருவானே, ஆர்ல பேரு. அவனா?"

"யாரும் குடுக்கலப்பா."

அப்போதுதான் அறை விழுந்தது. அதுவரை அவர் அவள் மேல் கைவைத்து நான் கேட்டதில்லை. சத்தம் கேட்டு மகள் மேலே ஓடிவந்தாள். மாப்பிள்ளை என் பக்கம் திரும்பினார். "மாமா, நீங்க இங்கயேதான இருக்கீங்க. உங்களுக்குத் தெரியுமா இது?"

நான் சொல்ல வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். 'நான் வாங்கினது மாப்பிள்ளை, எனக்காகத்தான் வாசிச்சா.' அது நாக்கு நுனிவரை வந்தது. அதே நேரத்தில் வேறு ஏதேதோவும் வந்தன. அந்தக் கட்டில், காலைச் சொட்டு மருந்து, இவர் நண்பர் ஒருவர் தன் அப்பாவை வண்டலூர் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் விட்டுவிட்டு வந்த கதை. அதை இவர் சாப்பிடும்போது ஒருநாள் சாதாரணமாகச் சொல்லியிருந்தார்.

"எனக்கெங்க தெரியுது மாப்பிள்ளை? பாடம் படிக்கிறான்னு நெனச்சு கண்ணை மூடிப் படுத்திருந்தேன்" என்றேன்.

"பாத்தியா? கண்ணு தெரியாத பெரியவர ஏமாத்திக்கினு இருந்திருக்கா" என்றார் என் மகளிடம்.

பேத்தி என்னைப் பார்த்தாள். எப்படிப் பார்த்தாள் என்று எனக்குத் தெரியாது. அந்தத் தூரத்தில் அவள் முகம் எனக்கு வெளிறிய ஒரு வட்டம். அது என் பக்கம் திரும்பி அப்படியே நின்றது, அவ்வளவுதான் தெரிந்தது. பிறகு அவள் குனிந்தாள். தரையில் கிடந்த கிழிந்த அட்டையை எடுத்துக் கையில் கசக்கும் சத்தம் கேட்டது.

அது ஏன் என்று எனக்கு ராத்திரிதான் உறைத்தது. அந்த லேபிளில் என் கையெழுத்து இருந்தது. என் மகள் பள்ளிப் புத்தகங்களுக்கெல்லாம் நான்தான் லேபிள் எழுதிக் கொடுத்தவன். மகள் ஒருமுறை குனிந்து பார்த்திருந்தால் போதும். அடி வாங்கிய கன்னத்தோடு பேத்தி என்னைக் காப்பாற்றியிருக்கிறாள்.

மறுநாள் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். மறுநாள், நேற்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று தோன்றியது. அந்த வாரமே மாப்பிள்ளை டியூஷன் வாசலில் அந்தப் பையனை நிறுத்தி எல்லோர் முன்னாலும் கேட்டிருக்கிறார். பையன் அழுதுவிட்டானாம். அதற்குப் பிறகு உண்மையின் விலை இன்னும் ஏறிவிட்டது. பள்ளி ஆண்டு முடிந்ததும் பேத்தியை நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் சேர்த்தார்கள். கிளம்பும்போது என் அறைக்கு வந்து "போயிட்டு வரேன் தாத்தா" என்றாள். நான் அவள் தலையில் கைவைக்கப் போனேன். அதற்குள் அவள் பையை எடுக்கக் குனிந்துவிட்டாள்.

டாக்டர் சீட் கிடைக்கவில்லை. இப்போது தாம்பரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கல்லூரியில் கணக்கியல் படிக்கிறாள். தினமும் வீட்டிலிருந்துதான் போய் வருகிறாள். அவள் வீட்டுக்கு வந்த பிறகும் நான் பல மாதங்கள் நழுவினேன். சென்ற பொங்கலுக்குப் பிறகு ஒரு ஞாயிறு மதியம், நால்வரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது, எல்லாவற்றையும் சொன்னேன். புத்தகக்காரரை, அட்டையை, லேபிளை, பொய்யை. ஒன்றையும் விடவில்லை. சொல்லி முடித்துத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டைவிட்டுப் போகச் சொன்னாலும் சரி என்று இருந்தேன்.

மாப்பிள்ளை என் தட்டில் ரசம் ஊற்றினார். பிறகு, மிக மென்மையாக, "விடுங்க மாமா. உங்களுக்குப் பேத்தி மேல பாசம். அவ பழிய நீங்க ஏத்துக்கப் பாக்குறீங்க" என்றார்.

"இல்ல மாப்பிள்ளை, நெஜமாத்தான்."

"உங்களால பேப்பர் தலைப்பே படிக்க முடியாது. நீங்க தாம்பரம் போயி லவ் கதை வாங்கினீங்களா?" என்று சிரித்தார். மகள், "அப்பா, ரசம் ஆறுது" என்றாள்.

"வேணும்னா இவளையே கேளுங்க" என்றேன்.

"தாத்தாவுக்கு ஒண்ணும் தெரியாதுப்பா" என்றாள் பேத்தி. குரலில் கோபம் இல்லை. தண்ணீர் கேட்பதுபோல் சொன்னாள். சாப்பிட்டு முடித்துக் கைகழுவப் போய்விட்டாள்.

மாலையில் அவள் மாடிக்கு வந்தபோது கேட்டேன்: "ஏம்மா அப்படிச் சொன்னே?"

"இப்ப தெரிஞ்சா யாருக்கு நல்லது தாத்தா? அப்பா என்னை அடிச்சதுக்கு அழுவாரு. அம்மா உங்களோட பேச மாட்டா. உங்களுக்கு மட்டும் நல்லாத் தூக்கம் வரும்."

தலையணைக்கு அடியில் அவளுக்காக வாங்கி வைத்திருந்த புது நாவலை எடுத்து நீட்டினேன். இந்த முறை அட்டை போடவில்லை. வாங்கினாள், எடை பார்ப்பதுபோல் கையில் வைத்திருந்தாள், என் கட்டிலிலேயே வைத்துவிட்டாள். "நான் இதெல்லாம் விட்டு ரொம்ப நாளாச்சு" என்றாள். பிறகு என் ஃபோனை வாங்கி ஏதோ செய்து, காதில் மாட்டும் கருவியை என் காதில் பொருத்திவிட்டாள். அவள் விரல் என் கன்னத்தில் பட்டது. "இதுல நெறைய கதை இருக்கு தாத்தா. யாரும் உக்காந்து வாசிக்க வேண்டாம்."

ஒரு பெண்குரல் தினமும் எனக்குக் கதை வாசிக்கிறது. உச்சரிப்பில் குறை இல்லை. மாமியாருக்கும் ஆட்டோக்காரருக்கும் ஒரே குரல்தான். படியில் காலடி கேட்டாலும் அது நிறுத்துவதில்லை. கதை முடிந்தால் குரல் நின்றுவிடுகிறது, யாரும் எதையும் கேட்பதில்லை. ஊரார் விடைத்தாள்களையெல்லாம் திருத்தியே வயதானவன் நான். என்னைக் கேட்ட ஒரே கேள்விக்கு நான் எழுதிய தப்பான விடையைத்தான் இந்த வீட்டில் எல்லோரும் சரி என்று வைத்துக்கொண்டுவிட்டார்கள், அதை அடித்துத் திருத்த இனி என்னாலும் முடியாது.