கந்தல் அடைக்காத வண்டி

பட்டறையில் அவருக்குப் பெயர் கந்தல். இடுப்பில் எந்நேரமும் ஒரு பழந்துணிச் சுருளைச் செருகிக்கொண்டு அலைகிறவருக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? மற்ற மெக்கானிக்குகள் காரில் ஸ்கேனரை மாட்டுவார்கள். புகையை அளக்கும் ஆக்சிஜன் சென்சாரில் கோளாறு என்று ஒரு எண் வரும். உடனே சென்சாரைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிது மாட்டுவார்கள். கந்தலுக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். இஞ்சினிலிருந்து வரும் புகைக்குழாயில் விரிசல் விட்டு வெளிக்காற்று புகுந்தாலும் அதே எண்தான் வரும், உள்ளதைச் சொன்ன சென்சாரையா தூக்கி எறிவது என்று சண்டைக்குப் போவார். இஞ்சினை ஓடவிட்டு, பின்னால் சைலன்சர் வாயை ஈரத் துணியால் கொஞ்சம் அடைத்தால், விரிசல் இருக்கும் இடத்தில் 'உஸ்' என்று கேட்கும். இருபத்திரண்டு வருஷத்தில் இந்தச் சோதனை இல்லாமல் அந்த எண் காட்டிய ஒரு வண்டியையும் அவர் வெளியே விட்டதில்லை. ஊரார் வண்டியைச் சொல்கிறேன்.

வீட்டு வண்டி என்றால் கதையே வேறு. தங்கை புருஷன் வாடகைக் கார் ஓட்டினார். சாதுவான மனிதர், பட்டறையில் நாலு பேர் காத்திருந்தால் தானாகவே ஓரமாக ஒதுங்கி நிற்பார். ஸ்டியரிங்குக்கு முன்னால் இஞ்சின் கோளாறு விளக்கு எரிகிறது என்று மூன்று தடவை வந்தார். மூன்று தடவையும் கந்தல் எண்ணைப் பார்த்து, அதை அழித்துவிட்டு, "ஞாயித்துக்கிழம சாவகாசமா பாத்துக்கலாம் மாப்பிள்ள" என்று முதுகில் தட்டி அனுப்பினார். கடைசித் தடவை, வண்டியில் உட்கார்ந்தாலே தலை வலிக்கிறது என்றும் அவர் சொன்னார். வீட்டில் என் தங்கை இருக்கும்போது வலிக்காமல் என்ன செய்யும் என்று கந்தல் கேலி செய்தார். இருவரும் சிரித்தார்கள்.

அந்த வாரமே ஒரு மத்தியானம், ரயில் நிலைய வாசலில் கண்ணாடியை ஏற்றி ஏசி போட்டுக் கண்ணயர்ந்தவர் எழுந்திருக்கவில்லை. வண்டிக்குள் புகுந்த புகை ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார் டாக்டர்.

மூன்று வாரம் கழித்து, தங்கை வண்டியை விற்றுத் தரச் சொல்லிக் கொண்டுவந்தாள். ஏசியைப் போட்டுக்கொண்டு தூங்கியது அவர் தப்பு என்று எல்லோரும் சொல்லிச் சொல்லி, செத்த மனுஷனை அவளும் வாய் ஓயாமல் திட்டிக்கொண்டிருந்தாள். அன்று ஞாயிற்றுக்கிழமை. பட்டறையில் வேறு ஆளில்லை. இஞ்சினைக் கிளப்பியதும் விளக்கு எரிந்தது. கந்தல் துணியை நனைத்துத் தங்கையிடம் கொடுத்து, சைலன்சர் வாயில் அழுத்திப் பிடிக்கச் சொன்னார். முன்னால் போய்க் குனிந்தார். 'உஸ்' என்று கேட்டது. கால் நிமிஷம்கூட ஆகியிருக்காது.

அவருக்கு நிமிரப் பயமாக இருந்தது. குனிந்தபடியே கதவோரம் போய், ஜன்னல் வழியாகக் கையை விட்டு இஞ்சினை அணைத்தார்.

"கெடச்சுதாண்ணா?"

"கெடச்சுது."

"இத அவரு உன்கிட்ட காட்டவே இல்லையா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். மறுத்துப் பேச அவர் வரப்போவதில்லை.

"மூணு தடவ காட்டினாரு," என்றார் கந்தல். "நான் வெளக்க மட்டும் அணைச்சு அனுப்பிட்டேன்."

தங்கை கையிலிருந்த ஈரத் துணியைப் பார்த்தாள்.

"இவ்வளவு நேர வேலதானா இது?" என்று மட்டும் கேட்டாள்.